செம்புத் தகட்டில் ஓர் இரவு விருந்து: எல்ஸ்ஹைமரின் சின்ன ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்தில், ஸ்விங்கர் அரண்மனை வளாகத்தில் இருக்கும் பழைய ஓவியங்களுக்கான அருங்காட்சியகத்தில், ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தின் அளவே இருக்கும் படம் ஒன்று உண்டு. ஆடம் எல்ஸ்ஹைமர் 1608 வாக்கில் ரோமில் இருந்தபோது வரைந்தது. 'பிலேமோன், பௌகிஸ் வீட்டில் ஜூப்பிட்டரும் மெர்குரியும்' என்று பெயர். துணியிலும் வரையவில்லை, பலகையிலும் வரையவில்லை. செம்புத் தகட்டின் மேல் எண்ணெய் வண்ணம். எனக்கு ரொம்பப் பிடித்த படம் என்பதால் யாரிடமாவது இதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், அவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சின்னது, சின்னது என்கிறீர்களே, எவ்வளவு சின்னது?

உயரம் 16.5 சென்டிமீட்டர், அகலம் 22.5 சென்டிமீட்டர். இந்த எண்களைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே பழகியதால் மனசுக்குள் அது ஒரு சுவர்ப் படமாகவே இருந்திருக்கிறது. ஒரு நாள் பழைய காலண்டர் அட்டையை எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, அதே அளவுக்கு வெட்டிக் கையில் பிடித்துப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. இதற்குள் ஒரு வீடு, நான்கு பேர், விளக்கு, வெளிச்சம், இருட்டு எல்லாம் இருக்க வேண்டும். ஜூப்பிட்டரின் முகம் என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.

நீங்களும் ஒன்று வெட்டிப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலைதான். கீழே வரும் பதில்களை அந்த அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது சுலபமாகப் பிடிபடும்.

படத்தில் இருக்கும் கதை என்ன?

ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய 'மெட்டமார்ஃபசிஸ்' என்ற நெடுங்காவியத்தின் எட்டாவது பகுதியில் வரும் கதை. நடக்கும் இடம் ஃப்ரிஜியா, இன்றைய துருக்கியில் இருக்கிறது. தேவர்களின் அரசன் ஜூப்பிட்டரும் அவன் மகன் மெர்குரியும் மனித உருவத்தில் வழிப்போக்கர்களாக வருகிறார்கள். ராத்திரி தங்க இடம் கேட்டு ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், ஆயிரம் வீட்டிலும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கடைசியில் நாணலால் கூரை வேய்ந்த ஒரு குடிசை. அங்கே பிலேமோன் என்ற கிழவரும் பௌகிஸ் என்ற கிழவியும் இருக்கிறார்கள். இளம் வயதில் கல்யாணம் செய்துகொண்டு அதே குடிசையில் கிழவர்களானவர்கள். "உள்ளே வாங்க, உட்காருங்க" என்கிறார்கள்.

அதற்கப்புறம் ஓவிட் அவசரப்படுவதே இல்லை, அதுதான் இந்தக் கதையின் அழகு. கிழவி சாம்பலைக் கிளறி நேற்றைய நெருப்பை ஊதி எழுப்புகிறாள். தோட்டத்தில் பறித்த முட்டைக்கோஸ், உத்தரத்தில் தொங்கிய உப்புக்கண்டத்திலிருந்து ஒரு துண்டு, சாம்பல் சூட்டில் புரட்டி எடுத்த முட்டை, ஆலிவ், முள்ளங்கி, பாலாடைக்கட்டி என்று ஒவ்வொன்றாக வருகிறது. உட்காரும் இடத்தில் ஒரு துணியை விரிக்கிறார்கள்; பண்டிகைக்கு மட்டும் வெளியே எடுக்கும் துணி, அதுவும் பழையது, மலிவானது. மேசைக்கு மூன்று கால், அதில் ஒன்று குட்டை. கிழவி ஒரு ஓட்டுச் சில்லை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் செருகுகிறாள், ஆட்டம் நின்றதும் பச்சைப் புதினாவால் மேசையைத் துடைக்கிறாள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு காவியத்தில் தேவாதிதேவன் சாப்பிட உட்காரும் நேரத்தில் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுக்கும் காட்சி வருகிறது! எனக்கு இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் சலிப்பதில்லை.

சாப்பிடச் சாப்பிட ஊற்றிய திராட்சை மது குறையவே மாட்டேன் என்கிறது, ஜாடி தானாக நிரம்புகிறது. கிழவர்கள் பயந்துபோய், வந்திருப்பது சாதாரண ஆள் இல்லை என்று புரிந்து, சாப்பாடு இவ்வளவு எளிமையாகிவிட்டதே என்று மன்னிப்புக் கேட்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு வாத்து, வீட்டுக்குக் காவல் அதுதான், அதையும் அடித்துச் சமைக்கத் துரத்துகிறார்கள். அது ஓடி ஓடி இவர்களை மூச்சு வாங்க வைத்துவிட்டுக் கடைசியில் தேவர்களின் காலடியிலேயே போய் ஒளிகிறது. "கொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தாங்கள் யார் என்பதைத் தேவர்கள் அப்போதுதான் வெளிப்படுத்துகிறார்கள்.

பிறகு இருவரையும் மலைமேல் கூட்டிப்போகிறார்கள். திரும்பிப் பார்த்தால் ஊரே தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது, இவர்கள் குடிசை மட்டும் பளிங்குத் தரையும் பொன் கூரையுமாகக் கோயிலாகிவிட்டிருக்கிறது. என்ன வரம் வேண்டும் என்று கேட்டதற்கு அந்தக் கோயிலில் பூசாரிகளாக இருக்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் சாக வேண்டும், ஒருவர் சமாதியை மற்றவர் பார்க்கக் கூடாது என்கிறார்கள். அப்படியே ஆகிறது. காலம் வந்தபோது ஒருவர் ஓக் மரமாகவும் மற்றவர் லிண்டன் மரமாகவும் மாறிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

இதில் எந்தக் கட்டத்தை வரைந்திருக்கிறார்?

அற்புதம் எதுவும் நடப்பதற்கு முன்னால் இருக்கும் நேரத்தை. விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், வீட்டுக்காரர்கள் ஓடியாடிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மேகம் இல்லை, இடி இல்லை, தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. எண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் கொஞ்ச தூரம் போகிறது, அதற்கு மேல் அறை இருட்டாகிவிடுகிறது. நம் வீட்டில் கரண்ட் போன நேரத்தில் ஒரே ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் சுவர் எப்படித் தெரியுமோ அப்படி இருக்கிறது அந்தச் சுவர்.

ஜூப்பிட்டரை வரைய வந்த மற்ற ஓவியர்கள் கழுகையும் மின்னலையும் முதலில் யோசித்தார்கள். இவர் யோசித்தது, களைத்து வந்த ஒரு பெரியவர் ஒரு சின்ன வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதை. கதையைத் தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டினால் யாரோ வீட்டுக்கு யாரோ விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வார். அந்தக் கிழவர்களுக்கும் அந்த நேரத்தில் அப்படித்தானே தெரிந்திருக்கும்! அவர்களுக்குத் தெரியாததை நமக்கும் அவர் காட்டவில்லை. என் பார்வையில் இந்தப் படத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஏன் செம்பு? துணி கிடைக்கவில்லையா?

துணி தாராளமாகக் கிடைத்தது. செம்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் வழவழப்பு.

துணியில் நெசவு இருக்கிறது. பெரிய படத்தில் அது தெரியாது, தெரிந்தாலும் பாதகமில்லை. ஆனால் நகத்தளவு முகத்தில் கண் வரைய வேண்டும் என்றால் ஒரு நூலிழையே மேடும் பள்ளமுமாகக் குறுக்கே நிற்கும். பலகையில் அடிப்பூச்சு பூசித் தேய்த்து வழவழப்பாக்கலாம். ஆனால் மரம் மழைக்காலத்தில் ஊதும், வெயில் காலத்தில் சுருங்கும், அதோடு சேர்ந்து மேலே இருக்கும் வண்ணமும் விரிசல் விடும். செம்பு ஈரத்துக்கு ஊதாது, வளையாமல் நிற்கும், எண்ணெயையும் உறிஞ்சாது. துணியும் மரமும் வண்ணத்தில் இருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் குடித்துவிடும், அதனால் நிறம் மங்கலாகும். செம்பில் வைத்த எண்ணெய் முழுதும் மேலேயே நிற்பதால் நிறம் ஆழமாக, இனாமல் பூசியது போலப் பளபளவென்று இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஓவியர்கள் நிறத்தைக் கெட்டியாக ஒரே தடவையில் அப்புவதில்லை. கண்ணாடி போன்ற மெல்லிய படலங்களாக ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பார்கள். வெளிச்சம் இந்தப் படலங்களுக்குள் போய் அடியில் பட்டுத் திரும்பி வரும்போது நிறம் உள்ளிருந்து ஒளிர்வது போலத் தெரியும். அடித்தளம் எவ்வளவு மழமழவென்று இருக்கிறதோ அவ்வளவுக்கு இது நன்றாக வரும். இரவுக் காட்சியும் விளக்கு வெளிச்சமும் வரைகிறவருக்கு இதைவிட நல்ல தளம் அன்றைக்குக் கிடையாது. எல்ஸ்ஹைமரின் இருட்டு வெறும் கறுப்பாக இல்லாமல், உற்றுப் பார்க்கப் பார்க்க உள்ளே இன்னும் ஏதோ இருப்பது போலத் தெரிவதில் செம்புக்கும் பங்கு இருக்கிறது.

அவ்வளவு வழவழப்பான உலோகத்தில் வண்ணம் எப்படி ஒட்டும்?

அப்படியே பூசினால் ஒட்டாது, காய்ந்ததும் உரிந்துவிடும். அதனால் தகட்டை முதலில் நுரைக்கல் போன்ற ஒன்றால் தேய்த்துக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீறல் விடுவார்கள். அப்புறம் பூண்டு! பூண்டுப் பல்லை நறுக்கி அதன் சாற்றைத் தகடு முழுக்கத் தேய்ப்பார்கள். பூண்டு உரித்த கையில் வரும் பிசுபிசுப்பு நமக்குத் தெரிந்ததுதானே, அதே பிசுபிசுப்புதான் இங்கே பிடிமானம் தருகிறது. பழைய ஓவியக் கைநூல்களில் இந்தக் குறிப்பு வருகிறது.

அதன் மேல் ஈய வெள்ளையை எண்ணெயில் குழைத்து ரொம்ப மெல்லிசாக ஒரு பூச்சு, பெரும்பாலும் கொஞ்சம் சாம்பல் நிறமோ பழுப்போ கலந்து. அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் படம் வரையத் தொடங்குவார்கள். சில ஓவியர்கள் செம்பின் மேல் வெள்ளீயமும் பூசினார்கள், நம் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது மாதிரியேதான். தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன் இருக்கும். பெரிய தகடு என்றால் எடை ஏறிவிடும், நடுவில் வளையவும் செய்யும். செம்புப் படங்கள் பெரும்பாலும் சின்னதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செம்பு என்றால் களிம்பு ஏறாதா?

ஏறும். செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்காமல் விட்டால் என்ன ஆகுமோ அது இங்கேயும் ஆகும். வண்ணம் முழுசாக மூடியிருக்கும் வரை முன்பக்கம் தப்பித்துக்கொள்ளும். எங்கேயாவது பெயர்ந்து ஈரம் உள்ளே போய்விட்டால் அந்த இடத்தில் பச்சை பூக்கும், பக்கத்தில் இருக்கும் வண்ணத்தையும் அது தள்ளி உரிக்கும். கீழே விழுந்தால் இன்னும் மோசம்; துணி விழுந்தால் நிமிர்ந்துகொள்ளும், செம்பு நசுங்கும், நசுங்கிய இடத்தில் வண்ணம் செதில் செதிலாக உதிரும். மூலைகள்தான் முதலில் அடி வாங்கும்.

இந்த ஆபத்துகளைத் தாண்டி ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்ட செம்புப் படம், அதே வயதுடைய துணிப் படத்தைவிட அநேகமாக நல்ல நிலையில் இருக்கும். 400 வருஷத்துக்கு முந்தைய படம் நேற்று வார்னிஷ் அடித்தது போல நிற்பதைப் பார்த்தால் நம்பவே முடியாது.

செம்பில் வரைவதை ஆரம்பித்தது எல்ஸ்ஹைமரா?

இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஆரம்பித்தது, 1575க்குப் பிறகு வேகம் பிடித்து 17ஆம் நூற்றாண்டு முழுக்க ஓடியது. செதுக்கி அச்சடிக்கும் படங்களுக்காகச் செம்புத் தகடு ஏற்கெனவே கடைகளில் கிடைத்தது. தகடு பட்டறையிலேயே இருக்கும்போது அதன் மேல் வண்ணம் வைத்துப் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் வராது? ரோமில் பால் பிரில், ஆன்ட்வெர்ப்பில் மூத்த யான் புரூகல், வெனிஸில் ஹான்ஸ் ரோட்டன்ஹாமர் என்று பலரும் இதில் கை தேர்ந்தவர்கள். ஆன்ட்வெர்ப்பில் தகடு செய்வதே தனித் தொழிலாக இருந்தது. பீட்டர் ஸ்டாஸ் என்ற தகடு செய்பவர் தன் முத்திரையைத் தகட்டின் பின்பக்கம் அடித்து அனுப்புவார், இன்றைக்கும் பல படங்களின் முதுகில் அதைப் பார்க்கலாம். அங்கிருந்து செம்புப் படங்கள் ஸ்பெயின் வழியாகக் கப்பலேறி மெக்சிகோ, பெரு வரைக்கும் போயின.

சரி, யார் இந்த எல்ஸ்ஹைமர்?

1578இல் பிராங்க்ஃபர்ட்டில் ஒரு தையல்காரரின் மகனாகப் பிறந்தவர். இருபது வயதில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வெனிஸ் போனார், அங்கே ரோட்டன்ஹாமரோடு பழகினார், 1600இல் ரோமுக்கு வந்தார். திரும்பி ஊருக்குப் போகவே இல்லை. 1610 டிசம்பரில் ரோமிலேயே இறந்தபோது வயது 32.

ரோமில் அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள்: பால் பிரில், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஆன்ட்வெர்ப் ஓவியர் ரூபன்ஸ் (அப்போது இளைஞர்), போப்பாண்டவரின் மூலிகைத் தோட்டத்தைக் கவனித்த மருத்துவர் யோஹன்னஸ் ஃபாபர். ஓவியமும் செடிகொடி ஆராய்ச்சியும் வானியலும் ஒரே வட்டத்தில் பேசப்பட்ட காலம் அது. 1609இல் அவர் வரைந்த 'எகிப்துக்கு ஓடிப்போதல்' (குழந்தை இயேசுவோடு பெற்றோர் தப்பியோடும் பைபிள் கதை) இப்போது மியூனிக்கில் இருக்கிறது, அதுவும் செம்புத் தகடுதான். அதன் இரவு வானத்தில் நிலா, நட்சத்திரக் கூட்டம், பால்வெளி எல்லாம் இருக்கிறது. அந்த வானத்துக்காகவே தனியாக ஒரு பக்கம் எழுதலாம்.

அவர் வேலை செய்த விதம் பற்றி, பின்னாளில் ஓவியர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்து எழுதிய யோவாகிம் ஃபான் சாண்ட்ரார்ட் ஒரு விஷயம் சொல்கிறார். அழகான மரத்தைக் கண்டால் அதன் எதிரே அரை நாள், சில சமயம் முழு நாளும் உட்கார்ந்தோ படுத்தோ பார்த்துக்கொண்டே இருப்பாராம். மனசில் அது முழுசாகப் பதிந்த பிறகு வீட்டுக்குப் போய், எந்தக் கோட்டு வரைவும் கையில் இல்லாமல், அப்படியே வரைந்துவிடுவாராம்.

அவர் சோம்பேறி என்று ரூபன்ஸே எழுதியிருக்கிறாரே?

எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கடிதத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். எல்ஸ்ஹைமர் இறந்த சேதி ஆன்ட்வெர்ப்புக்கு எட்டியதும் 1611 ஜனவரி 14 அன்று ரூபன்ஸ் ஃபாபருக்கு எழுதிய கடிதம் அது. இவ்வளவு பெரிய துக்கம் என் மனசைத் துளைத்ததே இல்லை, சின்ன உருவங்களிலும் நிலக்காட்சியிலும் இன்னும் பலவற்றிலும் அவருக்கு நிகராக ஒருவர் கிடையாது, படிப்பு கனிந்து வரும் நேரத்தில் போய்விட்டாரே என்று அழுது எழுதுகிறார். அதற்கு நடுவில்தான், இவ்வளவு அழகான விஷயங்களை உலகத்துக்குக் கிடைக்காமல் செய்த அந்தச் சோம்பல் என்ற பாவத்தைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று வருகிறது. வரைந்து முடிக்காமல் போன படங்களுக்காக ஒரு நண்பர் அழுகிற குரல் இது. அதே கடிதத்தில், எகிப்துப் படத்தை விதவை மனைவி ஆன்ட்வெர்ப்புக்கு அனுப்பினால் விற்றுத் தர உதவுகிறேன் என்றும் சொல்கிறார்.

ரூபன்ஸ் ஒரு பெரிய பட்டறை வைத்து, உதவியாளர்களோடு, மீட்டர் கணக்கில் வரைந்தவர். அவர் கண்ணுக்கு எல்ஸ்ஹைமரின் வேகம் சோம்பலாகத்தான் தெரிந்திருக்கும். ஒரு மரத்தைப் பார்க்கவே ஒரு நாள் செலவழிக்கிற மனிதர், மெல்லிய படலம் ஒன்று காய்ந்து அடுத்தது வைக்கக் காத்திருக்கிற மனிதர், வருஷத்துக்கு எத்தனை படம் முடித்துவிட முடியும்? அதனால் வருமானமும் வரவில்லை. கடனுக்காகச் சிறையில் இருந்தார் என்று சாண்ட்ரார்ட் எழுதுகிறார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் செம்புத் தகட்டை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தவர்களுக்கும் வராது.

பரோக் என்றால் பிரம்மாண்டம் என்றல்லவா படித்தோம்? இது எப்படி பரோக்?

பரோக் என்பது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலைப் பாணி; பிரம்மாண்டம் அதன் ஒரு முகம்தான். எல்ஸ்ஹைமர் ரோமுக்கு வந்த அதே 1600இல்தான் அங்கே ஒரு தேவாலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் புனித மத்தேயு ஓவியங்கள் பேச்சாகிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல். ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம், அதில் சாதாரண மனிதர்களின் முகம், சுற்றிலும் இருட்டு. எல்ஸ்ஹைமர் செம்பில் செய்ததும் இதைத்தான், ஆனால் கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு. கரவாஜியோ இறந்தது 1610 ஜூலை, எல்ஸ்ஹைமர் அதே வருஷம் டிசம்பர். இருட்டையும் வெளிச்சத்தையும் புதிதாகக் கண்டுகொண்ட இரண்டு பேர் ஆறு மாதத்துக்குள் போய்விட்டார்கள்.

ரெம்பிராண்டுக்கும் இந்தப் படத்துக்கும் ஏதோ தொடர்பு உண்டாமே?

உண்டு, ஒரு அச்சுப் படம் வழியாக. ஹென்ட்ரிக் கௌட் என்ற டச்சுக்காரர் ரோமில் எல்ஸ்ஹைமரோடு சேர்ந்து இருந்தவர், அவருக்கு ஆதரவு தந்தவர், செம்பில் செதுக்கி அச்சடிப்பதில் தேர்ந்தவர். எல்ஸ்ஹைமரின் படங்களைப் பார்த்து மொத்தம் ஏழு அச்சுத் தகடுகள் செதுக்கினார், இந்த விருந்துக் காட்சி அதில் ஒன்று, 1612இல் வந்தது. மூலப்படம் யாரோ ஒருவரின் அறையில் இருக்கும், அச்சுத் தாளோ ஊர் ஊராகப் போகும். எல்ஸ்ஹைமரின் பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியதற்கு இந்த ஏழு தகடுகள்தான் பெரிய காரணம்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1658இல் அதே கதையை வரைந்தார், அது இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கௌட்டின் அச்சுப் படத்திலிருந்து அவர் நிறைய எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் கட்டத்தை மாற்றிவிட்டார். அவர் வரைந்தது வாத்து ஓடுகிற நேரம், கிழவர்களுக்கு உண்மை உறைக்கிற நேரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ரெம்பிராண்டின் ஜூப்பிட்டர் தெய்வமாகவும் எல்ஸ்ஹைமரின் ஜூப்பிட்டர் விருந்தாளியாகவும் தெரிகிறார்கள்.

அப்படியானால் எல்ஸ்ஹைமரின் படமும் அச்சு எடுக்கும் தகடா?

இல்லை. பலருக்கும் இங்கேதான் குழப்பம். கௌட் செதுக்கியதும் செம்புத் தகடு, எல்ஸ்ஹைமர் வரைந்ததும் செம்புத் தகடு. முதலாவதில் கோடு பள்ளமாக இருக்கும், மை தேய்த்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டாவதில் தகடு வெறும் தளம், மேலே பிரஷ்ஷால் வரைந்த ஒரே படம்.

இவ்வளவு சின்னப் படத்தை யார் வாங்கினார்கள், எதற்கு?

தேவாலயத்துக்கு இது உதவாது, பத்தடி தள்ளி நின்றால் ஒன்றுமே தெரியாது. வாங்கியவர்கள் பிரபுக்கள், கர்தினால்கள், பணமும் படிப்பும் உள்ள வியாபாரிகள். அவர்கள் வீட்டில் தனியறை ஒன்று இருக்கும். பழைய நாணயம், சிப்பி, செதுக்கிய ரத்தினக் கல், வானவியல் கருவி, இவற்றோடு இந்தச் சின்னப் படங்களும். நண்பர் வந்தால் எடுத்துக் கையில் கொடுப்பார்கள், அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். சிலவற்றை எல்லோருக்கும் காட்டவும் முடியாது: ஊட்ரெக்ட் நகரத்து யோவாகிம் வூட்டவால் செம்பில் வரைந்த 'மார்ஸும் வீனஸும் கையும் களவுமாகப் பிடிபடுதல்' அப்படிப்பட்ட ஒன்று, இப்போது லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எல்ஸ்ஹைமரின் படத்தைவிடவும் சின்னது.

புராணக் கதைகள் இந்த அளவுக்குப் பொருந்தியதற்கும் இதுதான் காரணம். வாங்குகிறவர் ஓவிட்டைப் படித்தவர். எந்தக் கதை, எந்தக் கட்டம் என்று பேசிக்கொண்டே பார்ப்பதில் அவருக்குச் சந்தோஷம். ரூபன்ஸும் எல்ஸ்ஹைமர் படங்களைச் சொந்தமாக வைத்திருந்தார், அதில் யூதித் என்ற பைபிள் கதைப் பெண்ணின் படம் இப்போது லண்டனில் ஆப்ஸ்லி ஹவுஸில் இருக்கிறது.

எல்ஸ்ஹைமரின் வேறு புராணப் படங்கள்?

செம்பில் வரைந்தவற்றில் 'அப்போலோவும் கொரோனிஸும்' லிவர்பூலில், 'அரோரா' என்ற விடியல் காட்சி ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில். அரோராவில் ஆட்களுக்கு வேலையே குறைவு, வானம் வெளுக்கும் அந்தச் சில நிமிஷம்தான் படம். எனக்கு விருந்துக்கு அடுத்தபடியாகப் பிடித்தது அதுதான்.

நேரில் போனால் எப்படிப் பார்ப்பது?

போவதற்கு முன்னால் படம் காட்சியில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். சின்னப் படங்கள் கண்காட்சிக்கோ பராமரிப்புக்கோ எடுக்கப்படுவது சகஜம். அதே அருங்காட்சியகத்தில் ரஃபேல் வரைந்த புகழ்பெற்ற மரியாள் படமான சிஸ்டைன் மடோனா இருக்கிறது, கூட்டம் எல்லாம் அங்கேதான். அதனால் எல்ஸ்ஹைமர் முன்னால் உங்களுக்கு இடம் கிடைக்கும்.

முதலில் கிட்டப் போங்கள், அனுமதிக்கிற அளவுக்கு. ஒரு நிமிஷம் எதுவும் தெரியாது, இருட்டும் ஒரு மஞ்சள் புள்ளியும்தான். கண் பழகட்டும். அப்புறம் வெளிச்சம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே எல்லாம் தொடுகிறது என்று விளக்கிலிருந்து தொடங்கிப் பின்தொடருங்கள்: முகம், துணி, பாத்திரத்தின் விளிம்பு, சுவர். செம்பில் வார்னிஷ் பளபளக்கும் என்பதால் எதிரே நேராக நின்றால் உங்கள் பிம்பமே தெரியும், அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். உயரமான ஆளாக இருந்தால் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். பையில் அந்தக் காலண்டர் அட்டை இருந்தால் வெளியே வந்ததும் எடுத்து, விளக்கு இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், மற்றவர்கள் எங்கே எங்கே இருந்தார்கள் என்று அதைச் சுற்றிக் குறித்துப் பாருங்கள்.